எனக்கு முன்னுக்கு இருந்த கதிரை

இன்று காலை ஒஸ்லோவின் குறொன்லாண்டில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் ஒரு தேசிக்காய்ப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்ட, இரண்டு மூன்று கீழே உருண்டன. யாரோ ஒருவருடைய தள்ளுவண்டி அதில் ஒன்றின் மேல் ஏறிப் போனது. அது நசுங்கிப் புளிப்பு மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குத் தலை சுற்றத் தொடங்கிவிட்டது. வாழைக்காய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் பயந்துபோய், தண்ணீர் ஏதும் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் அப்போது உம்முடைய காரில், உமக்குப் பக்கத்தில், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தேசிக்காயை மூக்கோடு அழுத்திக்கொண்டு, ஸ்வீடன் நாட்டு மலை ஒன்றின் மேல் இருந்தேன் என்று அந்த மனிசனுக்கு எப்படிச் சொல்வது?

நீர் போய் நாலு வருடமாகிறது. உமக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத வேண்டிய காலத்தில் எழுதவில்லை. கலியாணம் பேசி முடிந்து, நீர் யாழ்ப்பாணத்திலும் நான் இங்கேயுமாக ஒன்பது மாதம் இருந்தோம். நல்ல நீலத் தாள் வாங்கி வைத்தேன். என்ன எழுதுவதென்று தெரியாமல் அப்படியே விட்டேன். நீர் வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டீரே: "கையிலை ஏதும் காயமோ? ஒரு காயிதம் போட ஏலாமல் போச்சு?" உம்முடைய நக்கலை நான் கேட்ட முதல் நாள் அது. அன்றைக்கே பயம் பிடித்துவிட்டது எனக்கு.

சனிக்கிழமைகளைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். உமக்குத் தெரியாததில்லை. நான்தான் எனக்கு ஒருமுறை சொல்லிப் பார்க்கவேண்டும். ஸ்டோவ்னரில் எங்கள் ஏழாம் மாடி வீட்டு இருப்பறையில் ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும் முன்னூற்றுநாலு நடக்கும். நாலு பேர் இருந்து விளையாடுகிற சீட்டாட்டம். எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு சோடி. எனக்கு முன்னுக்குப் பாலண்ணை. எங்களோடு மல்லுக்கட்டத் திராமனிலிருந்து ரயில் பிடித்து வரும் அண்ணன் தம்பி இருவர். காசு வைப்பதில்லை. தோற்ற சோடி, உடுப்புக் காயப்போடும் கிளிப்பைக் காதில் மாட்டிக்கொண்டு அடுத்த ஆட்டம் ஆடவேண்டும், அவ்வளவுதான். அந்தக் கிளிப் உம்முடையது. தேத்தண்ணியும் ரோல்ஸும் உம்முடையது. விளையாட்டு மட்டும் எங்களுடையது.

தேத்தண்ணியை வைத்துவிட்டு என் கதிரைக்குப் பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பீர். நான் பிழையான சீட்டைத் தொட்டால் பின்னால் ஒரு மூச்சுச் சத்தம் கேட்கும். உடனே நான் வேறு சீட்டுக்கு விரலை மாற்றுவேன். என்னை ஒரு நல்ல விளையாட்டுக்காரன் என்று ஒஸ்லோவில் நாலு பேர் சொல்வதற்கு அந்த மூச்சுத்தான் காரணம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

சின்ன வயதில் உம்முடைய அண்ணன்மாருக்கு ஒரு கை குறைந்தால் உம்மைக் கூப்பிட்டு இருத்துவார்களாம். நாலாவது ஆள் படலையைத் திறந்ததும் "எழும்பு" என்பார்களாம். பாதி ஆட்டத்தில் எழும்பி எழும்பியே விளையாட்டுப் பழகினவள் நான் என்று ஒருமுறை மகளுக்குச் சொல்லிச் சிரித்தீர். நானும் சேர்ந்து சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

எங்கள் கலியாணத்தின் முப்பதாவது வருடத்துக்கு அவள் தந்த பரிசுதான் அந்தப் பயணம். நோர்வேயில் கசினோ கிடையாது. ஸ்வீடனின் கிழக்குக் கரையில் சுண்ட்ஸ்வால் என்ற பட்டினத்தில் அப்போது ஒன்று இருந்தது. அங்கே ஒரு ஹோட்டல் அறையும், போகிற வழியில் தங்குவதற்கு மலையடிவாரத்தில் ஒரு மரக்குடிலும் பதிந்துவிட்டு வந்து சொன்னாள். எனக்குக் கொதி வந்துவிட்டது. முப்பதாம் வருடத்துக்குக் கோயிலில் ஒரு அருச்சனை செய்யலாம், நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுக்கலாம், கண்டறியாத கசினோ எதற்கு என்று கத்தினேன். அவள் ஆறுதலாக இருந்து கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அம்மா ஒருக்காவெண்டாலும் ஒரு மேசையிலை இருந்து விளையாட வேணும் அப்பா. உங்கடை வீட்டிலை கதிரை இல்லையெண்டால் ஸ்வீடனிலை இருக்கு."

நீர் குசினிக்குள் நின்றீர். கேட்டிருக்கும். ஆனாலும் வெளியே வந்து, போகிறோமா இல்லையா, போவதென்றால் வெள்ளிக்கிழமைக்கு இடியப்பம் அவிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னீர்.

கார் ஓடுவது எப்போதும் நீர்தானே. வயதுபோன வெள்ளைக்காரரை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலையில், பனியிலும் ஏற்றத்திலும் அந்தச் சின்னக் காரை ஓடி ஓடி உமக்குக் கை நன்றாகப் பழகியிருந்தது. நான் மூன்று முறை லைசன்ஸ் சோதனைக்குப் போய் மூன்று முறையும் ஊத்திக்கொண்டு வந்தவன். பள்ளிக்கூடத்தில் பூட்டுத் திறப்பதும் பல்ப் மாற்றுவதுமான என்னுடைய வேலைக்கு நிலக்கீழ் ரயில் போதும் என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றைக்கு நீர் ரைஸ் குக்கரைப் பின் சீட்டில் வைத்து, அதற்குச் சீட் பெல்டும் போட்டு, "இவர் ஒருத்தர்தான் வழியிலை முனகாமல் வருவார்" என்றீர்.

முதல் நாள் முழுக்க மரம். பிறகும் மரம். ஹாமர் தாண்டி, எல்வெரும் தாண்டி, ஆற்றோரமாகவே போய்க்கொண்டிருந்தோம். இவ்வளவு வருடம் இந்த நாட்டில் இருந்தும் நாங்கள் அந்தப் பக்கம் போனதில்லை. கலியாண வீடென்றால் பாரிசுக்குப் போவோம், பெண்பிள்ளையின் சாமத்திய வீடென்றால் லண்டனுக்குப் போவோம், ஊர்க்காரர் செத்தால் பேர்கனுக்கும் போவோம். அழைப்பிதழ் இல்லாத இடத்துக்கு நாங்கள் போனதே கிடையாது. மலைக்கு யார் அழைப்பிதழ் அடிப்பது என்று நீர் கேட்டீர்.

இரண்டாம் நாள் காலை எல்லையைக் கடந்து அந்த மேட்டுப் பாதையில் ஏறினோம். ஸ்வீடனிலேயே ஆக உயரமான தெரு அது என்று குடில்காரி சொல்லியிருந்தாள். தார் இல்லை, வெறும் சரளைக்கல். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? எங்களிடம் கீரிமலை என்று ஒன்று இருக்கிறது. போய்ப் பார்த்தால் கேணிதான் இருக்கும், மலை மருந்துக்கும் இல்லை. வளைவுக்கு வளைவு என் வயிறு மேலே வந்தது. தெருவின் ஒரு பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அப்போதுதான் நீர் கைப்பையிலிருந்து தேசிக்காயை எடுத்துத் தந்தீர். மணக்கச் சொன்னீர், கண்ணை மூடச் சொன்னீர், முருகனைக் கூப்பிடுவதென்றால் மெதுவாகக் கூப்பிடச் சொன்னீர். கியர் மாற்றும்போது உம்முடைய வளையல் குலுங்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

பிறகு வளையல் சத்தம் நின்றது. கார் நின்றிருந்தது. எதிலோ மோதிவிட்டோம் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன்.

ஐயோ, அதை எப்படி எழுதுவேன்? மேலே வந்தால் மலைக்குக் கூர் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே ஒரு பெருவெளி கிடந்தது. ஆனி மாதம், ஆனாலும் தூரத்து மலைகள் எல்லாம் வெள்ளையாக நின்றன. நடுவில் சின்னச் சின்னதாக எத்தனையோ குளங்கள், ஒவ்வொன்றிலும் வானம். மரம் ஒன்றுகூட இல்லை. எங்கள் காருக்கு முன்னால் தெருவை அடைத்துக்கொண்டு ஐம்பது அறுபது கலைமான்கள் நின்றன. கோயில் வீதியில் நிற்கிற மாடுகளைப் போல, ஒன்றுக்கும் அவசரமில்லை. ஒரு குட்டி வந்து எங்கள் முன் விளக்கை நக்கிப் பார்த்தது. நீர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினீர். பயத்தை எங்கே விட்டேனோ தெரியாது, நானும் இறங்கினேன்.

காற்று சுழற்றி அடித்தது. உம்முடைய சால்வை பறந்து என் முகத்தில் ஒட்டிக்கொண்டது. நீர் அதை எடுக்கவுமில்லை. நின்ற இடத்தில் நின்றபடி மெல்லச் சுற்றிச் சுற்றிப் பார்த்தீர். உமது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துக்கத்தால் என்று நான் நினைக்கவில்லை. பிறகுதான் சால்வையை இழுத்து எடுத்துக்கொண்டு சொன்னீர்.

"இவ்வளவு காலமும் இது இஞ்சையே இருந்திருக்கு. நாங்கள்தான் வரேல்லை."

நான் ஓம் என்று தலையாட்டினேன். ஒரு சனிக்கிழமை நான் சீட்டைத் தொடாமல் இருந்தது இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை என்பது கூட, மான்கள் விலகி நாங்கள் இறக்கத்தில் இறங்கத் தொடங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. மேலே ஒரு முழ அகலத்தில் ஓடிய சிறு நீர், எங்களோடேயே இறங்கி, வழியில் ஆறாகி, பட்டினத்துக்குக் கிட்டப் போகப் பாலம் போட்டுக் கடக்கிற அளவுக்கு அகன்றுவிட்டது. அதை முதலில் கண்டு சொன்னதும் நீர்தான். நான் இன்னும் மேலேயே நின்றுகொண்டிருந்தேன்.

கசினோ என்றதும் நாங்கள் இரண்டு பேரும் படங்களில் வருகிற மாளிகையைத்தான் நினைத்திருந்தோம். அதனால் நான் கலியாண வீட்டுக் கோட்டும் சூட்டும் போட்டேன். நீர் கூறைச்சேலையை எடுத்து வந்திருந்தீர். முப்பது வருடத்துக்கு முன் உடுத்த அதே சிவப்புக் கூறை. தாலிக்கொடியை வெளியே எடுத்துவிட்டு, கொண்டை போட்டு, ஹோட்டல் கண்ணாடிக்கு முன் நின்று, "மணவறைக்குப் போறதெண்டால் இப்பவும் போகலாம் போல கிடக்கு" என்றீர். அதற்குப் பிறகு இன்னும் ஒரேயொரு தடவைதான் அந்தச் சேலை உமக்கு உடுத்தப்பட்டது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

போய்ப் பார்த்தால் அது பழைய ரயில் நிலையக் கட்டடம். உள்ளே ஜீன்ஸும் ரீசேர்ட்டும் போட்ட வயதுபோன ஸ்வீடன்காரர். ஒருவர் மீன்பிடிக்கிற அங்கியோடேயே இருந்தார். வாசலில் பதிவு செய்த பெண் எங்களைப் பார்த்து, கலியாண மண்டபம் இங்கே இல்லையே என்று கவலையோடு சொன்னாள். பதிவுக்குப் படம் பிடிக்கிறபோது நீர் பொட்டைச் சரி செய்துகொண்டீர். எனக்கு வெட்கத்தில் கழுத்துப்பட்டி இறுக்கியது. உமக்கென்றால் ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "எங்களைப் பார்த்து அவை வெட்கப்படட்டும், இப்பிடியோ மேசைக்கு வாறது?" என்று காதுக்குள் சொன்னீர்.

இருபத்தொன்று விளையாடுகிற மேசைக்குப் போனோம். நீர் ஒரு கிழவரின் கதிரைக்குப் பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்.

எனக்குப் பின்னால் நீர் நிற்பதை நான் ஒருநாளும் கண்டதில்லை. முதுகில் கண் இல்லையே. இப்போது தள்ளி நின்று பார்க்கிறேன்: அதே கைக்கட்டு, அதே ஒரு காலில் சாய்ந்த நிலை. இருபத்திரண்டு வருடம் இப்படியா நின்றீர்? பக்கத்தில் ஒரு கதிரை காலியாகவே இருந்தது. இருக்கலாம் என்று உமக்குத் தோன்றவேயில்லை. சீட்டுப் போடுகிற பெண்தான் அந்தக் கதிரையைக் கையால் காட்டி, இருக்கச் சொன்னாள். நீர் அவளைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தீர். கேட்டுவிட்டு இருக்கிற பார்வை அது.

"இரும்" என்றேன். என்னுடைய குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

இருந்தீர். சேலைத் தலைப்பை மடியில் எடுத்து வைத்தீர். முதல் இரண்டு கை சும்மா பார்த்துப் பார்த்துப் போட்டீர். மூன்றாவதிலிருந்து என் பக்கம் திரும்பாமலே தமிழில் எனக்குச் சொல்லத் தொடங்கினீர்: இப்போது சின்னது வரும், இனிப் படச்சீட்டு வரும், படம் எல்லாம் அடியில் கிடக்கிறது. ஒவ்வொரு தடவையும் என்று சொல்லமாட்டேன், ஆனால் பத்துக்கு ஏழு தடவை நீர் சொன்னதே வந்தது. போன சீட்டு ஒவ்வொன்றும் உம்முடைய தலைக்குள் இருந்தது. பக்கத்துக் கிழவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் உம்முடைய கையைப் பார்த்து அவரும் அப்படியே செய்யத் தொடங்கிவிட்டார். சீட்டுப் போடுகிற பெண் புருவத்தை உயர்த்தி உம்மைப் பார்த்தாள். அன்று காலையில் மலையைப் பார்த்த மாதிரித்தான் நான் உம்மைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொய்யில்லை.

அரை மணித்தியாலம் இருக்கும். திடீரென்று தலைப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டீர். கிழவர் ஏமாந்துபோய்ப் பார்த்தார். நன்றாகத்தானே போகிறது, ஏன் எழும்புகிறீர் என்று கேட்டேன்.

"இது விளையாட்டில்லை" என்றீர். "ஒவ்வொருத்தரும் தனித்தனியா அந்தப் பிள்ளையோடை மல்லுக்கட்டினம். முன்னுக்கு ஒரு ஆளில்லை. நான் போடுறது ஆருக்கு விளங்கும்?"

மறுநாள் திரும்பி வந்தோம். நீர் வழி முழுக்கக் கதைத்துக்கொண்டே வந்தீர். அதற்கு நாலு வருடத்துக்கு முன், பாலண்ணையின் மகனுக்குக் கலியாண எழுத்து முடிந்த கிழமை, என் கையில் கிளாவர் ஒன்பது இருந்ததாம். முன்னூற்றுநாலில் ஜாக்குக்கு அடுத்த பெரிய சீட்டு ஒன்பதுதான்; அதை நான் மூன்றாம் சுற்றில் விழுத்திவிட்டேனாம். வைத்திருந்திருந்தால் திராமன்காரர் இரண்டு பேருக்கும் அன்று கிளிப்தான். இப்படி ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு ஆட்டத்தை, யார் கையில் என்ன இருந்ததென்று சீட்டுச் சீட்டாகச் சொன்னீர். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். வளைவுகள் வந்து போனதை நான் கவனிக்கவேயில்லை. தேசிக்காய் காலடியில் உருண்டு கிடந்தது.

மேலே ஏற ஏற மழை பிடித்தது. அந்த வெளியில் காரை ஓரமாக நிறுத்தி, சாப்பாட்டுப் பெட்டியை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இழுத்து வைத்து, நீர் கைப்பையிலிருந்து ஒரு கட்டுச் சீட்டை எடுத்தீர். அதை எந்த நாளிலிருந்து கைப்பையில் வைத்திருந்தீர் என்று நான் கேட்கவில்லை. நாலு கையாகப் போட்டீர். பின் சீட்டில் இருந்த ரைஸ் குக்கர் ஒரு ஆள், வெளியில் மழைக்குள் நின்ற மான் ஒரு ஆள் என்றீர். நீர் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எந்த இனத்தை என்று நான் கண்டுபிடிக்கவேண்டும் என்றீர். எனக்குத் தெரியவில்லை. "என்ரை முகத்தைப் பாருங்கோ. சீட்டைப் பாக்காதேங்கோ" என்றீர். பார்த்தேன். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. சுற்றிவர மலைகள் மேகத்துக்குள் போய்ப் போய் வந்தன. எனக்கு ஏனோ அழுகை வந்தது.

"வாற சனிக்கிழமை எனக்கு முன்னுக்கு நீர் இரும்" என்றேன்.

நீர் சீட்டைப் பொறுக்கிக் கட்டாக்கினீர். அதை இரண்டு தரம் தட்டி அடுக்கினீர். பிறகு சொன்னீர்: "இஞ்சை மலைக்கு முன்னாலை கேட்டுப் போட்டு என்ன? அங்கை நாலு பேருக்கு முன்னாலை கேளுங்கோ. வாறன்."

இதைத்தான் முப்பது வருடத்தில் நீர் என்னிடம் கேட்டீர். நகை கேட்டதில்லை, வீடு கேட்டதில்லை. நாலு பேருக்கு முன்னால் ஒரு வசனம்.

சனிக்கிழமை வந்தது. பாலண்ணை வந்தார், திராமன்காரர் வந்தனர். ஸ்வீடன் எப்படி என்று கேட்டனர். நான் மலையைப் பற்றிச் சொன்னேன், மானைப் பற்றிச் சொன்னேன், கூறைச்சேலையோடு கசினோவுக்குப் போன கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தேன். அந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்லவில்லை. நீர் தேத்தண்ணியோடு வந்து ஒரு கணம் நின்றீர். நான் என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தேன். நீர் என் பின்னால் போய் நின்றீர். அன்று நான் எத்தனையோ பிழை விட்டேன். பின்னாலிருந்து மூச்சுச் சத்தம் வரவேயில்லை. என் காதில் கிளிப் ஏறியது.

அப்படி எத்தனை சனிக்கிழமை போனதென்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாலண்ணை மனம் நோகுமே என்று நினைப்பேன். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நினைப்பேன். அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எனக்குத்தான் எடுப்பு. பின்னால் நின்று மூச்சு விட்டவள் முன்னால் வந்து இருந்துவிட்டால், நான் எப்படிப்பட்ட விளையாட்டுக்காரன் என்பது எல்லாருக்கும் விளங்கிவிடும். அந்தப் பயம்தான். மலையில் வந்த பயம் அதில் காற்பங்குகூட இல்லை.

இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, ஆட்டத்தின் நடுவில், நீர் தட்டத்தோடு வந்தபோது நான் எழும்பித் தட்டத்தை உம்முடைய கையிலிருந்து வாங்கினேன். "நீர் இரும், நான் தேத்தண்ணி போடுறன்" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தனர். நீர் என் கதிரையில் இருந்தீர், பாலண்ணைக்கு எதிரே. நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து உமக்குப் பின்னால் நின்றேன். நீர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கவேண்டுமே! திராமன்காரருக்கு மூச்சு விட நேரமில்லை. இரண்டு பேருடைய காதிலும் கிளிப். பாலண்ணை கதிரையிலிருந்து துள்ளாத குறை. நான் பெரிய காரியம் செய்துவிட்டேன் என்று எனக்குள்ளே புளுகிக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போன பிறகு, கோப்பைகளை எடுத்துக்கொண்டே நீர் சொன்னீர்: "நான் உங்கடை கதிரையைக் கேக்கேல்லை. உங்களுக்கு முன்னுக்கு இருக்கிற கதிரையைத்தான் கேட்டனான்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன்.

கிறிஸ்மஸ் முடிந்து வந்த சனிக்கிழமைதான் எனக்கு வாய் திறந்தது. சீட்டைப் போடுவதற்கு முன்னமே சொல்லிவிட்டேன். "பாலண்ணை, குறை நினைக்காதேங்கோ. இனி எனக்கு முன்னுக்கு இவ இருக்கட்டும். என்னைவிட இவ நல்லா விளையாடுவா. எப்பவுமே அப்பிடித்தான்."

திராமன்காரர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தனர். பாலண்ணை மெல்ல எழும்பி, கதிரையைத் துடைத்து, உமக்காக இழுத்து வைத்தார். "இருபத்திரண்டு வருசமா இவரோடை சோடி சேர்ந்து என்ரை காது காய்ச்சுப்போச்சு" என்றார். "வாரும் தங்கச்சி. இனி உம்மடை காது." திராமன் தம்பி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மேசையில் கொட்டியது. நீர் சிரிக்கவில்லை. வந்து இருந்தீர். சீட்டைக் கையில் எடுத்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்.

பதினொரு சனிக்கிழமை. பிறகு கொரோனா வந்து ஊரைப் பூட்டியது. ரயிலும் இல்லை, ஆட்களும் இல்லை. கதவு திறக்கிற காலம் வந்தபோது உமக்கு வருத்தம் வந்துவிட்டது. ஆசுப்பத்திரிக் கட்டிலில் சீட்டுப் போடலாமா என்று ஒருநாள் கேட்டேன். அலுப்பாயிருக்கு, பிறகு பார்க்கலாம் என்றீர். பிறகு என்று ஒன்று வரவில்லை.

சனிக்கிழமைகளில் இப்போதும் விளையாட்டு உண்டு. பாலண்ணை மறுபடியும் எனக்கு முன்னுக்கு இருக்கிறார். நான் முன்பு போல இல்லை, கொஞ்சம் நன்றாக விளையாடுகிறேன் என்கிறார்கள். சீட்டைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கப் பழகியிருக்கிறேன்; அது நீர் தந்தது. அதைவிட ஒன்று என்னிடம் இருக்கிறது. மகள் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிற படத்தில் அது இல்லை. எந்தப் படத்திலும் இல்லை. துரும்பைத் திருப்புவதற்கு முன் நீர் புருவத்தை ஒரு சொட்டு உயர்த்தி, "விளங்கினதோ?" என்று கண்ணால் என்னைக் கேட்கிற முகம். எவ்வளவு வடிவான முகம்! அதை நான் எங்கே போனாலும் கொண்டுதான் போகிறேன்.

முப்பத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். காரில் உமக்குப் பக்கத்தில் இருந்தேன், படுக்கையில் பக்கத்தில் கிடந்தேன். கோயிலில் நீர் பெண்கள் பக்கம், நான் ஆண்கள் பக்கம். வீட்டில் நீர் எனக்குப் பின்னால். உம்மை நேருக்கு நேர் இருந்து நான் பார்த்தது பதினொரு சனிக்கிழமை.